பவர் டேபிளைப் பெரிதாக்குவதா, இப்படியே ஓட்டுவதா?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். சம்பளம் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறான். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "அக்கா, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. இன்னும் நாலு மெஷின் போட்டா வருஷம் முழுக்க வேலை தர்றோங்கிறாங்க. ஆனா ஜி.எஸ்.டி. இருந்தாத்தானாம். போடறதா, வேண்டாமா? நீ சொல்லு."

நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். இதே கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது எங்கள் படியேறுகிறார். "20 லட்சம் தாண்டினா போட்டே ஆகணும்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவோம். தம்பிக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. பதினொன்றரை வரை உட்கார்ந்து ஒவ்வொரு வழிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இதே இடத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி, தைத்து மட்டும் கொடுக்கும் சின்ன யூனிட்டை இங்கே பவர் டேபிள் என்போம். தம்பியுடையது '15 வேலம்பாளையம்' என்ற பகுதியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஓடுகிறது. தையல் மெஷின் எட்டு: ஓவர்லாக் நாலு, பேட்லாக் இரண்டு, சிங்கர் இரண்டு. சம்பளத்துக்கு ஏழு பேர். அவனும் அவன் மனைவியும் சேர்ந்தால் ஒன்பது. காதர்பேட்டையில் உள்நாட்டு வியாபாரம் செய்யும் இரண்டு பேருக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறான். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை மதியம் போனால் பணம் கையில் கிடைக்கும். சாயங்காலம் அது ஏழு பேருக்குப் போய்விடும். 2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டியது என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஷெட்டுகள்தான் ஞாபகம் வரும்.

இவனைச் சின்ன ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் விவசாயமும் கட்டுமானமும் போக, கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களை மத்தியப் புள்ளியியல் துறை எண்ணுகிறது. 2023-24 கணக்கெடுப்பில் 7.34 கோடி தொழில்கள், அவற்றில் 12 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு தொழிலுக்கு இரண்டு ஆள்கூட இல்லை. உலகம் முழுக்க எடுத்தால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்ன கணக்குப்படி 200 கோடிப் பேர், வேலை செய்கிறவர்களில் 61 சதவீதம், இப்படி முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஏழு பேருக்குச் சம்பளம் போடுகிறவன் மேல்படியில் நிற்கிறான். அங்கிருந்து இன்னொரு படி ஏறலாமா என்பதுதான் அவன் கேள்வி. வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

இப்போது வேலை இருக்கும் வாரத்தில் 36,000 ரூபாய் கூலி வருகிறது. ஏழு பேருக்குச் சராசரியாக நாளைக்கு 550 என்றால் ஆறு நாளில் 23,100 சம்பளம். வாடகை, கரண்ட், நூல், ஊசி, எண்ணெய், டீ, ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,500. மிச்சம் 8,400. இது இரண்டு பேர் உழைப்புக்கு என்பதை மறக்கக் கூடாது. வருடத்தில் 50 வாரமும் ஓடினால்கூட வரவு 18 லட்சம். சேவைக்கு ஜி.எஸ்.டி. வரம்பு 20 லட்சம் என்பதால் பதிவு தேவையில்லை.

பெரிதாக்கினால்? பன்னிரண்டு மெஷின், பதினொரு பேர். வாரம் 54,000 வரவு, 36,300 சம்பளம். மற்ற செலவு 6,000 ஆகும். மிச்சம் 11,700. பத்துப் பேரைத் தொட்டுவிட்டதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது வாரம் 1,180. ரிட்டர்ன் போட ஆடிட்டர் ஃபீஸ் வாரத்துக்கு 350 என்று வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு 2 லட்சம் கடன், மூன்று வருடத் தவணை. வாரக் கணக்கில் 1,500. எல்லாம் கழித்தால் நிற்பது 8,670.

தம்பி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மெஷின், நாலு ஆள், ஒரு கடன், இரண்டு அரசு அலுவலகம். இவ்வளவும் கூடி வாரத்துக்கு 270 ரூபாய் அதிகம்.

இதில் ஜி.எஸ்.டி. வரியை நான் சேர்க்கவே இல்லை. துணி தைக்கும் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம். அதைக் கம்பெனிதான் பில்லோடு சேர்த்துத் தரும்; தந்ததை அவர்கள் கழித்துக்கொள்வார்கள் அல்லது ரீஃபண்டாக வாங்கிக்கொள்வார்கள். தாளில் பார்த்தால் தம்பி கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. ஆனால் பில் போட்டு எத்தனை நாளில் பணம் வரும் என்று கேட்டேன். "அறுபது நாளுங்கிறாங்க அக்கா." அங்கேதான் கணக்கு மாறுகிறது. மாதம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் பில். அதற்கு வரி 11,000-க்கு மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதியை எடுத்தாலும், வரிப் பணத்தை மாதா மாதம், அடுத்த மாதம் 22 அல்லது 25-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரி. தாமதித்தால் 18 சதவீதம் வட்டி. புது மெஷினுக்குக் கட்டிய வரியை ஆரம்பத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்ச நாள் ஓடிவிடும், அப்புறம் இறுகும்.

வரிகூடச் சின்ன விஷயம். டைலர்கள் அறுபது நாள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. சனிக்கிழமை சம்பளம் போடாத ஷெட்டுக்குத் திங்கட்கிழமை ஆள் வராது. எட்டரை வாரச் சம்பளத்தைத் தம்பி முன்பணமாகப் போட வேண்டும்: மூன்று லட்சத்துக்கு மேல். அவனுக்குத் தெரிந்த பைனான்ஸ்காரர் மூணு வட்டிக்குத் தருவார், மாதம் 9,000. பெரிதாக்கிக் கிடைக்கும் லாபம் போய், இப்போது வருவதிலும் கால்வாசி போய்விடும். பேங்க்கில் 12 சதவீதத்துக்குக் கிடைத்தாலும் வாரம் 700 ரூபாய் வட்டி. 270 லாபம் காணாமல் போய் நஷ்டத்தில் நிற்கும்.

பதிவு செய்ய எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் சின்ன யூனிட்டைச் சாய்ப்பது யாருடைய பணத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதுதான். இதை எங்கள் ஆபீசில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெரு நாட்டில் எர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞரின் குழு லிமாவில் ஒரு சின்னத் தையல் கூடத்தை முறைப்படி பதிவு செய்ய முயன்று பார்த்தது. 289 நாள் ஆனது. அந்த எண் உலகம் முழுக்கப் பரவி, 'காகித வேலையைக் குறைத்தால் முறைசாரா தொழில் தானாக முறைக்கு வந்துவிடும்' என்ற நம்பிக்கையை வளர்த்தது. இங்கே குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், சில நிமிட வேலை. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் கட்டணம் இல்லை. அப்படியும் கோடிக்கணக்கான பேர் வெளியேதான் இருக்கிறார்கள். பெருவிலும் வேலை செய்கிறவர்களில் பத்தில் ஏழு பேர் இன்றும் முறைசாரா வேலையில்தான். 289 நாளைக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் அறுபது நாள் அப்படியே இருக்கிறதே.

அப்படியானால் இப்படியே விட்டுவிடலாமா? தம்பியின் மனைவிக்கு அதுதான் விருப்பம். காதர்பேட்டைப் பணம் வாரா வாரம் வருகிறது. தெரிந்த முகம், வாய்ப் பேச்சு, டேமேஜ் வந்தால் அங்கேயே பேசிக் கழித்துக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் டேமேஜுக்குப் பணம் பிடித்து இரண்டு மாதம் கழித்து டெபிட் நோட் வரும். எந்தக் கட்டில் எந்தப் பீஸ் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த வழிக்கும் விலை உண்டு. அது நோட்டில் ஏறாத விலை. தீபாவளி முடிந்ததும் உள்நாட்டு வேலை இளைத்துவிடும். வாரத்தில் மூன்று நாள் ஷெட் சும்மா கிடக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தம்பி எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த மே மாதம் அரசு அறிவித்த அவசரக் கடன், ஏற்கெனவே பேங்க்கில் தொழில் கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான். இவன் கடன் பைனான்ஸ்காரரிடம். மனைவியின் நாலு பவுன் அன்றைக்கு அடகுக்குப் போனது. அதில் இரண்டைத்தான் மீட்டிருக்கிறான்.

அவன் ஷெட்டில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் ஊசி விரலில் ஏறி உடைந்துவிட்டது. நகத்தோடு சேர்த்துத் துளை. ஒரு துண்டு உள்ளே தங்கியதால் சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவைத் தம்பிதான் கொடுத்தான், நல்லவன், கொடுத்தான். ஆனால் அவர் வேலைக்கு வராத பதினெட்டு நாளுக்கு யாரும் கொடுக்கவில்லை. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் மருத்துவமும் கிடைத்திருக்கும், அந்த நாட்களின் சம்பளத்தில் பெரும்பகுதியும் கிடைத்திருக்கும். வாரம் 1,180 ரூபாயைச் செலவு என்று எழுதினேனே, அந்த அக்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வரவு. ஒப்பீடு செய்யும்போது முதலாளியின் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிதான் தெரியும்.

மூன்றாவது வழியைத் தம்பியே சொன்னான். ஊரில் பாதிப் பேர் செய்வது. பழைய எட்டு மெஷின் அவன் பெயரில், புது நாலு மெஷின் மனைவி பெயரில். இரண்டும் 20 லட்சத்துக்குக் கீழே, இரண்டிலும் பத்துக்குக் கீழே ஆள். உண்மையிலேயே இரண்டு தனித் தொழிலாக இருந்தால் சட்டத்தில் தவறில்லை. ஒரே வாசல், ஒரே மீட்டர், ஒரே சம்பள நோட்டு என்றால் அதிகாரி வந்து பார்க்கும் நாளில் ஒன்றாகத்தான் சேர்ப்பார். பழைய வரி, வட்டி, அபராதம் சேர்ந்து வரும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை, ஆபீசில் பார்த்தது.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. பிரித்துப் பிரித்து வைத்தால் எந்த ஷெட்டும் வளராது. நாலு மெஷின் ஷெட்டில் லைன் போட முடியாது, ஒரு சூப்பர்வைசர் வைக்க முடியாது, புது டைலருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. சாங்-தாய் ஷே, பீட்டர் கிளெனோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 40 வருடம் ஓடிய ஆலை, ஐந்து வருடத்துக்கு உட்பட்ட புது ஆலையைவிட ஏழு மடங்குக்கு மேல் ஆட்களை வைத்திருக்கிறது. இந்தியாவில் அதே வயதில் சுமார் இரண்டு மடங்குதான். நம் ஆட்களுக்கு உழைப்புப் போதவில்லை என்பதில்லை. பத்தாவது ஆளைச் சேர்க்கும்போது யோசிக்க வைக்கிற மாதிரி எல்லாம் அமைந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், கரண்ட்டில் ஓடும் கூடம் 'தொழிற்சாலை' ஆகும் எல்லை பத்துப் பேரிலிருந்து இருபதாக உயர்ந்திருக்கிறது. யோசிக்கும் இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த மூன்றாவது வழியை நான் வேண்டாம் என்றேன். அவனும் வற்புறுத்தவில்லை.

முழுப் பதிவு என்று முடிவெடுத்தாலும் முதல் தடை அரசு அலுவலகத்தில் இல்லை, ஷெட் சொந்தக்காரரிடம். ஜி.எஸ்.டி. பதிவுக்குத் தொழில் நடக்கும் இடத்தின் ஆதாரம் வேண்டும்: கரண்ட் பில் அல்லது சொத்து வரி ரசீது, கூடவே வாடகை ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம். பெரியவர் ஒன்பது வருடமாக வாய்ப் பேச்சில் வாடகை வாங்குகிறார். வீட்டு வரி கட்டும் இடத்தில் தொழில் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் வரி கூடும், கரண்ட் கட்டண வகை மாறும் என்று பயப்படுகிறார். "தம்பி, நீ ஓட்டு, நான் எதுவும் கேக்கல. எழுத்து மட்டும் வேண்டாம்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

இலங்கையில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொன்னால் பொருந்தும். டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் பதிவில்லாத சிறு தொழில்காரர்களிடம் போனார்கள். பதிவு செய்வது எப்படி என்று விளக்கிச் செலவையும் தருவதாகச் சொன்னபோது ஒரு மாற்றமும் இல்லை. பதிவு செய்தால் அரை மாதம் முதல் ஒரு மாத லாபம் அளவுக்குப் பணம் என்றபோது ஐந்தில் ஒருவர் பதிவு செய்தார். இரண்டு மாத லாபம் என்றபோது பாதிப் பேர். மீதிப் பேர் ஏன் வரவில்லை என்று பார்த்தால், முக்கியக் காரணம் இடத்துக்கான ஆவணம் இல்லாதது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே தடைதான்! பதிவு செய்தவர்களுக்குச் சராசரி லாபம் கூடியது. ஆனால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் வேகமாக வளர்ந்த ஒரு சிலரால் வந்தது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. தம்பி அந்த ஒரு சிலரில் ஒருவனா என்பது மெஷினைப் பொறுத்ததில்லை, அவனுக்கு வேலை தருகிறவரைப் பொறுத்தது.

அடுத்த வழியைத் தயங்கித்தான் எடுத்தேன். ஷெட்டை மூடிவிட்டுக் கம்பெனிக்கே போவது. அவன் நல்ல லைன் சூப்பர்வைசர் ஆவான். அவன் மனைவி செக்கிங்கில் சேரலாம். இரண்டு சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இப்போதைய 8,400-க்கு அது குறையாது, தூக்கமும் வரும். வேலை இளைத்த மாதங்களையும் சேர்த்தால் கம்பெனிச் சம்பளம் முந்திவிடும்.

இதைத் தோல்வி என்று நினைக்கக் கூடாது. வியட்நாமில் 2001 டிசம்பரில் அமெரிக்காவோடு செய்த வணிக ஒப்பந்தம் அமலானதும் அமெரிக்க இறக்குமதி வரி சராசரி 23 சதவீதத்திலிருந்து சுமார் இரண்டரைக்கு இறங்கியது. அப்போது வீட்டுத் தொழில்களில் இருந்தவர்கள் பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு வேலைக்கு மாறினார்கள் என்று மெக்கெய்க், பாவ்ச்னிக் ஆய்வு காட்டுகிறது. அந்த நாட்டில் முறைசாரா வேலை குறைந்ததற்கு ஒரு காரணம், வீட்டுத் தொழிலை விட்டுப் போக நல்ல இடம் கிடைத்தது. யாரும் அவர்களைப் பதிவு செய் என்று விரட்டவில்லை. ஆர்டர் வந்தது, கம்பெனி ஆள் எடுத்தது, ஜனங்கள் நடந்து போனார்கள். நாட்டு வளர்ச்சி என்று பார்த்தால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சின்னக் கடை எல்லாம் பெரிய கடையாக வேண்டும் என்பதில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பதினஞ்சு வயசுல ஒருத்தர்கிட்ட எடுபிடியா, கைமடிக்குச் சேர்ந்தேன் அக்கா. இருபது வருஷம் கழிச்சுத் திரும்பவும் ஒருத்தர்கிட்டயா?" நான் வற்புறுத்தவில்லை. கூலி வேலையில் ஆரம்பித்துச் சொந்த ஷெட் போட்டவர்களால் வளர்ந்த ஊர் இது. அந்த ஆசையை வாரக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இது ஒரு வழி என்று நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். கடன் வாங்கி நஷ்டப்பட்ட பிறகு அந்த வாசலுக்குப் போவதற்கும் இப்போது போவதற்கும் வித்தியாசம் உண்டு.

கடைசியில் நாங்கள் வந்து நின்றது நடுவில் ஒரு வழி. முதலில் காசு செலவில்லாத பதிவுகள். உத்யம் எடுக்க இந்த அளவில் ஜி.எஸ்.டி. கட்டாயமில்லை. ஆதாரும் பான் எண்ணும் வைத்து என் போனிலேயே அன்று ராத்திரி போட்டோம். இருபது நிமிடம் ஆனது. அது இருந்தால் பேங்க்கில் தொழில் கடன் கேட்க ஒரு முகம் கிடைக்கும். முத்ரா திட்டத்தில் கிஷோர் வகையில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். அவன் உடனே கடன் வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. மூணு வட்டிக் கடனை அடைத்து அதை இதற்கு மாற்றினாலே வருடத்துக்குப் பெரிய மிச்சம்.

உத்யத்துக்கு இன்னொரு பயன். குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இதற்குப் பல் முளைத்திருக்கிறது: அந்தக் கெடுவுக்குள் தராமல் வருட முடிவிலும் பாக்கி நிற்கும் தொகையை, வேலை வாங்கும் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. புகார் சொல்லக் கோயம்புத்தூரில் ஒரு கவுன்சில் இருக்கிறது. ஆனால் வேலை தருகிறவர்மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை, கொடுத்தால் அடுத்த கட்டு வராது. அதனால் சட்டத்தைப் பிரச்சினை வந்த பிறகு தேடாமல், பேரம் பேசும்போதே சொல்லச் சொன்னேன். 'பில்லில் உத்யம் எண் இருக்கும், 45 நாள் தாண்டினால் உங்கள் ஆடிட்டரே கேட்பார், அதனால் 15 நாள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று மரியாதையாகக் கேட்கலாம். உத்யம் எண்ணைப் பில்லில் போடாதே என்று சில கம்பெனிகள் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கின்றன. அப்படிச் சொல்கிற கம்பெனி என்றால் தம்பி அந்தப் பக்கமே போகக் கூடாது. கேட்டுப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

15 நாள் என்றால் முன்பணம் இரண்டு வாரச் சம்பளம், 72,600. அதைத் தாங்கலாம். ஜி.எஸ்.டி. கட்டும் தேதிக்கு முன்னால் பெரும்பாலான பில்லுக்குப் பணம் வந்திருக்கும். அப்போது பெரிதாக்குவது லாபமா? முதல் மூன்று வருடம் அதே 270-தான். ஆனால் கடன் முடிந்ததும் வாரம் 1,770 கூடும், பதினொரு பேருக்கு இ.எஸ்.ஐ. இருக்கும், தீபாவளிக்குப் பிறகு ஷெட் சும்மா கிடக்காது. அந்த நிலையில் நான் போடு என்றுதான் சொல்வேன். 60 நாள் என்றால் எத்தனை ஆர்டர் தந்தாலும் வேண்டாம். முடிவைத் தீர்மானிப்பது அந்த ஒரு எண்தான்.

அடுத்தது வேலை செய்கிறவர்கள். யூனிட் பெரிதாகும்வரை அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. தையல் தொழிலாளர்களுக்குத் தனி வாரியமே உண்டு. 18 முதல் 60 வயதுவரை சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பிரசவ உதவி, இறந்தால் குடும்பத்துக்கு, 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம். தொகை பெரிதில்லை. ஆனால் முதலாளி பதிவு செய்திருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. ஷெட் மாறினாலும் அட்டை கூடவே வரும். ஒரு ஆள் ஆறு மாதத்தில் மூன்று ஷெட் மாறும் ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம்! இ.எஸ்.ஐ.க்கும் இப்போது வாசல் திறந்திருக்கிறது: புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும் விரும்பினால் சேரலாம். ஏழு பேருக்கு முதலாளி பங்கு வாரம் 750 ரூபாய். தம்பி உடனே தலையாட்டவில்லை. 8,400-இல் 750 என்பது அவன் வீட்டுக்குப் பால் கணக்கும் பையன் வேன் ஃபீஸும். ஆனால் விரலில் ஊசி ஏறிய அக்காவின் பெயரை அவன்தான் முதலில் சொன்னான்.

பிரேசிலில் செய்ததைப் பார்த்தால் இதன் பலம் தெரியும். 2009-இல் ஒற்றை ஆள் தொழிலுக்கென்று ஒரு பதிவு முறையைத் தொடங்கினார்கள். மாதம் ஒரே ஒரு சின்னத் தொகை, 2011-இலிருந்து குறைந்தபட்சக் கூலியில் 5 சதவீதமும் சில்லறை வரியும். கட்டினால் முதுமை ஓய்வூதியம், நோய்க்கால உதவி, பிரசவ உதவி. ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கோடிக்கு மேல் பேர் சேர்ந்தார்கள். அதில் ஒரு கெடுதலும் வந்தது. சில முதலாளிகள் தங்கள் ஊழியர்களையே 'நீ தனித் தொழிலாகப் பதிவு செய்துகொள்' என்று வெளியே தள்ளினார்கள். அதைத் தடுக்க வேண்டியதுதான். ஆனாலும் பதிவு செய்கிறவருக்கு அவர் உடம்புக்கும் முதுமைக்கும் ஏதாவது கையில் கிடைத்தால் அவர் தானாக வருகிறார் என்பது அங்கே தெரிந்துவிட்டது. நம் ஊரில் பதிவு என்றால் கொடுப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், வாங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இன்றைய நிலவரம் இது. உத்யம் எண் கையில் இருக்கிறது. நாலு பேருக்கு வாரிய விண்ணப்பம் எழுதியாயிற்று. மூன்று பேர் ஒடிசாக்காரர்கள், அவர்கள் ஆவணங்களை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ஷெட் பெரியவரிடம் போன ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பேசினேன். வரி கூடினால் அந்த வித்தியாசத்தை வாடகையோடு தம்பி தருவான் என்று சொன்னதும் கொஞ்சம் இளகினார். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கம்பெனியில் 15 நாள் என்று கேட்டதற்கு மேனேஜர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "30 நாள்னா பேசிப் பார்க்கலாம்" என்றாராம்.

30 நாளுக்கு முன்பணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். பேங்க் கடனில் வந்தால் வாரம் 350 ரூபாய் வட்டி, 270-ஐவிட அதிகம். பீஸ் கூலியில் இருபத்தைந்து பைசா கூட்டித் தந்தால் சரியாகிவிடுமா என்று தம்பி நேற்று போனில் கேட்டான். வாரத்துக்கு எத்தனை பீஸ் இறங்கும் என்று ஒரு மாதம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மெஷின் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்றும்.